நூதனசாலைப் பொருட்களைப் பேணும் படிப்பு: எந்த வாசலால் நுழைவது?

திருகோணமலையில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: அகழ்வில் கிடைக்கும் பொருட்களையும் நூதனசாலையில் உள்ளவற்றையும் பழுதுபடாமல் காக்கும் வேலையைப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியுமா? தொல்லியல் பட்டம் எடுத்தால் போதுமா, விஞ்ஞானப் பிரிவில் படித்தது வீணாகிவிடுமா? வீட்டில் ஒரு மண்சாடி இருக்கிறதாம். தாத்தாவின் வலையில் எப்போதோ சிக்கியது. அதன் மேற்பரப்பு ஆண்டுக்கு ஆண்டு பொருக்கு வெடித்து உதிர்வதைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது என்றும் எழுதியிருக்கிறார். எந்தப் பட்டம் என்பது மேலே தெரியும் கேள்வி. இரசாயனவியல் பிடித்த ஒருவருக்குப் பழம்பொருட்களோடு காலம் கழிக்க ஒரு தொழில் உண்டா என்பதே உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. உண்டு. விஞ்ஞானப் பிரிவில் படித்தது வீணாகாது. இந்த வேலைக்கு அதுவே நல்ல அத்திவாரம்.

நானும் இந்த ஊரில் வளர்ந்தவன்தான். முதலில் இரசாயனவியல் பட்டம், பிறகு வெளிநாட்டில் பேணல் துறையில் பட்டப்பின் படிப்பு, அதன்பின் இன்றுவரை ஆய்வுகூட மேசை. உலோகமும் சுட்டமண்ணும் என் வேலை. ஏட்டுச்சுவடி, காகிதம், துணி, சுவரோவியம் ஆகியவை தனித்தனி நிபுணத்துவங்கள். அவற்றைப் பற்றி நான் சொல்வதைப் பக்கத்து மேசைக்காரரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படிக்க விரும்பும் துறை முழுவதும் அந்தச் சாடிக்குள் இருக்கிறது. சுட்டமண்ணின் நுண்துளைகளுக்குள் கடல்நீர் பல காலம் ஊறியிருக்கிறது. கரைக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிட்டது, உப்பு தங்கிவிட்டது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும், அதாவது படிகமாகும். பளிங்கு வளர இடம் வேண்டும். மேற்பரப்புக்குச் சற்று உள்ளே வளரும்போது அது மேல்தோலைத் தள்ளி உதிர்த்துவிடும். இனி நம் ஊர்க் காலநிலையை நினைத்துப் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் எல்லாம் வறண்டு காய்கிறது. வாடை தொடங்கி மாரி மழை பிடித்தால் சுவரே வியர்க்கிறது. அந்த 75 சதவீதக் கோட்டை உங்கள் வீட்டு அலுமாரி ஆண்டு முழுவதும் மேலும் கீழுமாகக் கடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு பொருக்கு. சாடி பழையதாகிவிட்டதால் உதிர்கிறது என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். கடலடியில் கிடந்த காலமெல்லாம் அது நன்றாகவே இருந்திருக்கும்.

இதற்கு மருந்து சுருக்கமாகச் சொல்லக்கூடியது, செய்வதற்குப் பொறுமை வேண்டியது. பொருளை நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். கடைசிக் கட்டத்தில் அயன் நீக்கிய நீர். வெளிவந்த நீரில் ஒரு சிறிதளவை எடுத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டால் குளோரைட்டு இருக்கும்வரை பால்போல் வெண்மையாகக் கலங்கும். உயர்தரச் செய்முறையில் நீங்கள் செய்த அதே சோதனைதான். கடத்துதிறன் மானி இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஆனால் இதை வீட்டில் செய்யாதீர்கள். உதிரும் நிலையில் உள்ள மேற்பரப்பை முதலில் பிணைத்து உறுதிப்படுத்தாமல் நீரில் இட்டால் மீதியும் கழன்றுவிடும். குறைந்த வெப்பத்தில் சுடப்பட்ட மண் கரைந்தே போகலாம். இப்போதைக்குச் செய்ய வேண்டியவை: எல்லாப் பக்கமும் அளவுகோலோடு படம் எடுப்பது, உதிர்ந்த துண்டுகளை ஒரு பெட்டியில் சேர்ப்பது, அடிக்கடி தொடாமல் ஓரிடத்தில் வைப்பது. இன்னொன்றும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருளைக் கண்டெடுத்தவர் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். தாத்தா அறிவித்தாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தொல்லியல் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்துங்கள். இந்தத் துறைக்குள் வர நினைப்பவர் கையில் பதிவில்லாத பொருள் இருக்கக்கூடாது.

தொல்லியல் பட்டம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இந்தச் சாடியே பாதிப் பதில். தொல்லியலாளர் அது எந்த நாட்டுச் சாடி, எந்தக் காலத்தது, எந்த வணிகப் பாதையில் வந்தது என்று சொல்வார். அது ஏன் உதிர்கிறது, எப்படி நிறுத்துவது என்பதற்கு இரசாயனம் வேண்டும். இரண்டும் தெரிந்தவர்தான் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்க முடியும். பாத்திரத்தின் கறை என்று ஒருவர் கழுவித் தள்ளியது, அதில் ஒருகாலத்தில் இருந்த எண்ணெயின் எச்சமாக இருக்கலாம். இரும்புத் துருவில் பதிந்த நெசவு, உறைந்த மண்ணில் ஒட்டிய தானிய உமி எல்லாம் இப்படித்தான் தொலைந்துபோகின்றன.

வெண்கலத்தைப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். 1950 இல் கோணேசர் கோயிலுக்கு அண்மையில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிவந்த கதை திருகோணமலையில் எல்லோருக்கும் தெரியும். போர்த்துக்கேயர் கோயிலை இடித்த 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைத்துப் புதைக்கப்பட்டவை என்று கருதப்படுகின்றன. பொதுவாக, உப்புள்ள மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தில் செம்புக் குளோரைட்டு உலோகத்தை ஒட்டி, பச்சைக் களிம்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் பட்டால் அது வெளிர்பச்சைத் தூளாக மாறும். அந்தத் தாக்கத்தில் உண்டாகும் அமிலம் உள்ளேயுள்ள நல்ல உலோகத்தையும் தின்னும். மறுபடி குளோரைட்டு, மறுபடி தூள். ஊசி முனையளவு குழிகளில் மாவு தூவியதுபோல் அந்தப் பச்சை தெரியும். தூரிகையால் தட்டிவிட்டால் அடுத்த மாதம் அதே இடத்தில் திரும்ப நிற்கும். இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். ஈரப்பதனை ஏறத்தாழ 42 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் நோய் அடங்கும். திருகோணமலைக் காற்றோ சாதாரண நாட்களிலும் அதைவிட வெகு மேலே நிற்கிறது. ஆகவே இங்கே ஒரு வெண்கலத்தைக் காப்பது என்பது அதைச் சுற்றியுள்ள காற்றைக் காப்பதுதான்: காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், மாதாமாதம் பார்த்துக் குறித்து வைக்கும் ஓர் ஆள். பென்சோட்ரையசோல் என்ற சேர்மத்தால் செம்பின் மேல் காப்புப் படலம் உண்டாக்கும் முறை 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. பல பொருட்களில் அது நன்றாக வேலை செய்கிறது. ஆழமாகப் பாதிக்கப்பட்டவற்றில் தோற்றும் போகிறது. எதில் நிற்கும், எதில் நிற்காது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை.

இந்தத் தொழில் பிறந்ததும் இரசாயன ஆய்வுகூடத்தில்தான். பெர்லின் அரச நூதனசாலைகள் 1888 இல் பிரீட்ரிக் ராட்கன் என்ற இரசாயனவியலாளரை வேலைக்கு எடுத்ததையே தொடக்கமாகச் சொல்வார்கள். முதலாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து சுரங்கங்களில் வைத்த பொருட்கள் ஈரத்தால் பழுதாகித் திரும்பியதால் பிரித்தானிய நூதனசாலை ஆய்வுகூடம் திறந்தது. தமிழர்களாகிய நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியது சென்னை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 இல் இரசாயனப் பேணல் வேலை தொடங்கியது. எஸ். பரமசிவன் அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சீராக்கினார். இலங்கையிலும் 1967 இல் சீகிரிய ஓவியங்கள் மேல் யாரோ வண்ணத்தைப் பூசிச் சிதைத்தபோது, தொல்லியல் திணைக்களத்தில் இரசாயனவியலாளராகச் சேர்ந்திருந்த ராஜா டி சில்வாவும் உரோமிலிருந்து வந்த லூச்சியானோ மரன்சியும்தான் அவற்றை மீட்டார்கள். அந்த இரசாயனவியலாளர் திணைக்களத்தின் ஆணையாளராகவும் இருந்தார். விஞ்ஞானப் பிரிவு வீணாகுமா என்று யாராவது வீட்டில் கேட்டால் அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.

இனிப் படிப்பு. இலங்கையில் தொல்லியலை யாழ்ப்பாணம், பேராதனை, களனி, ரஜரட்ட ஆகிய பல்கலைக்கழகங்களில் பட்டமாகப் படிக்கலாம். பெரும்பாலும் கலை அல்லது சமூக விஞ்ஞான பீடங்களுக்குள் வரும். பேணல் அதில் ஒரு பாடமாக இருக்குமே தவிர முழுத் தொழிற்பயிற்சியாக இருக்காது. களனிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த தொல்லியல் பட்டப்பின் கல்வி நிறுவகம் 1986 முதல் கொழும்பில் இயங்குகிறது. வேறு துறைப் பட்டதாரிகள் தொல்லியலுக்குள் வர அது நல்ல வாசல். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேணல் என்ற பெயரில் உள்ள முதுமாணிப் படிப்பு கட்டடங்களையும் இடங்களையும் பற்றியது, கைப்பொருட்களுக்கானதன்று. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் நிலையில் நான் இருந்தால் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலை முதன்மையாக எடுப்பேன். சேதன இரசாயனத்தையும் உலோக அரிப்பையும் ஆழமாகப் படிப்பேன். விடுமுறைகளில் அகழ்வுக்குப் போவேன். பட்டம் முடிந்தபின் பேணலுக்கு மாறுவேன். தொல்லியலை முதலில் படித்துவிட்டுப் பிறகு இரசாயனத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு வரலாற்றைத் தானாகப் படித்துக்கொள்வது எளிது. இரசாயனத்தை அப்படிப் படிப்பது கடினம். இது என் கருத்து. இதை மறுக்கும் சக தொழிலாளர்களை எனக்குத் தெரியும்.

பட்டப்பின் படிப்புக்கு இந்தியாதான் கைக்கெட்டும் தூரம். டில்லியில் 1989 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தேசிய அருங்காட்சியக நிறுவனம் இப்போது நொய்டாவில் இந்திய மரபுரிமை நிறுவனமாக இயங்குகிறது. பேணலில் முதுகலைப் பட்டம் அங்கே உண்டு. இலக்னோவில் 1976 இல் அமைந்த தேசியப் பேணல் ஆய்வுகூடம் பயிற்சிகளுக்குப் பெயர்பெற்றது. இலங்கை மாணவர்களுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வரும் புலமைப்பரிசில்களை ஆண்டுதோறும் கவனியுங்கள். எங்கள் பொருட்களைப் போன்றவைதான் அங்கேயும். ஆசிரியர்கள் வெண்கலத் திருமேனியைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் அல்லர்.

பிரித்தானியாவில் கார்டிஃப், டர்ஹாம், இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் தொல்லியல் நிறுவகம் ஆகியவை நூதனசாலை, தொல்லியல் பொருட்களின் பேணலை நெடுங்காலமாகக் கற்பித்தவை. டர்ஹாம் முதுமாணியில் இரண்டாம் ஆண்டு ஒரு நூதனசாலையிலோ ஆய்வுகூடத்திலோ வேலையிலேயே கழியும் வகையில் அமைக்கப்பட்டது. தொழில் கற்க அதுவே சரியான முறை. பாடநெறிகளின் பெயர் மாறும், சில ஆண்டுகளில் மாணவர் சேர்ப்பு நிற்கவும் கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டில் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். வெளிநாட்டு மாணவருக்கு ஓராண்டுக் கட்டணமே இன்றைய நாணய மாற்றில் கோடி ரூபாயைத் தொடும். புலமைப்பரிசிலிலும் ஒரு சிக்கல்: பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஓராண்டு முதுமாணிகளுக்கே உதவும், நல்ல பேணல் முதுமாணிகள் பெரும்பாலும் இரண்டாண்டு. இதைத் தெரியாமல் ஒரு வருடத்தை இழந்தவர்கள் பலர். அமெரிக்காவில் இடங்கள் மிகக் குறைவு. பொது இரசாயனம், சேதன இரசாயனம், வரைகலை, முன் அனுபவம் என்று எல்லாம் கேட்பார்கள். சேர்த்துக்கொண்டால் உதவித்தொகையும் தருவதுண்டு.

கட்டணத்தை விடப் பெரிய தடை கை. மண்ணையும் துருவையும் நுண்நோக்கியின் கீழே அறுவைக் கத்தியால் சுரண்டி எடுக்கும் வேலையில் ஒரு நாள் முழுவதும் போனாலும் நகத்தளவு இடம்தான் தெளியும். உடைந்த பாத்திரத்தை ஒட்டும்போது முதல் இணைப்பில் தலைமயிர் அளவு விலகினால் கடைசித் துண்டு உட்காராது. அதனால்தான் ஒட்டிய பாத்திரத்தை மணல் தட்டில் நிறுத்தி, புவியீர்ப்பே அழுத்தம் கொடுக்கும்படி சாய்த்து வைப்போம். நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிசின் பரலொயிட் பி-72. அசற்றோனில் கரையும், எப்போது வேண்டுமானாலும் கரைத்துக் கழற்றலாம் என்பதற்காகவே அதை விரும்புகிறோம். நாளைக்கு வருபவர் நம்மைவிட நன்றாகச் செய்யக்கூடும், அவருக்கு வழியை அடைக்கக்கூடாது. ஆனால் அந்தப் பிசின் 40 பாகை செல்சியசை அண்மிக்கும்போது இளகத் தொடங்கும். குளிர் நாட்டு நூதனசாலையில் அது ஒரு பிரச்சினையே இல்லை. கச்சான் காலத்தில் தகரக் கூரை போட்ட களஞ்சியத்தில் வைத்தால் பெரிய சாடி தன் பாரத்தாலேயே இணைப்பில் சரியும். அதற்காக வெப்பம் தாங்கும் பி-44 ஐக் கலந்து பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் கற்றதை இங்கே அப்படியே இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒன்றே போதும். நம் கரையோர வெப்பத்துக்கும் உப்புக்கும் ஏற்ற பேணலை எழுதிவைக்க இங்கேயே வாழும் ஆட்கள் தேவை.

திருகோணமலையைப் பொறுத்தவரை அந்தத் தேவை கடலில்தான் அதிகம். 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் சுழியோடியபோது பழைய கோயிலின் கற்றூண்களைக் கண்டார்கள். 1942 இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு இரையான சகாயிங் கப்பலை 2018 இல் கடற்படை துறைமுகத்தின் அடியிலிருந்து எழுப்பியது. கருங்கல் பொறுத்துக்கொள்ளும். இரும்பு அப்படியன்று. கடலிலிருந்து எடுத்த பீரங்கியைக் காய விட்டால் உள்ளேயுள்ள குளோரைட்டு துருவாக வெடித்து மேல்தகட்டைப் பாளம் பாளமாகக் கழற்றும். எடுத்த நிமிடத்திலிருந்தே நீரில் வைத்திருந்து, காரக் கரைசலிலும் மின்பகுப்பிலும் உப்பை இறக்க வேண்டும். பெரிய பொருளுக்கு ஆண்டுகள் பிடிக்கும். பிரிஸ்டலில் உள்ள எஸ்எஸ் கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலைக் காக்க கார்டிஃப் ஆய்வாளர்கள் கண்டது, அடிப்பகுதியைச் சுற்றி ஈரப்பதனை 20 சதவீதத்தில் நிறுத்த வேண்டும் என்பதை. அதற்கென்றே இயந்திரங்கள் ஓடுகின்றன. நம்மால் முடியுமா என்று கேட்டால், காலியில் முயன்றிருக்கிறோம். 1659 இல் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பல் அவொன்ட்ஸ்டரை அகழ்ந்த குழு அங்கே கடல்சார் பேணலுக்கென்றே ஆய்வுகூடம் நடத்தியது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அந்த இடத்தை அடித்துக்கொண்டு போனது, பொருட்களில் ஒரு பகுதியும் போனது. எடுக்கும் முன் எங்கே வைப்பது, யார் பார்ப்பது, எத்தனை ஆண்டு பார்ப்பது என்று தீர்மானிக்காத பொருளைக் கடலிலேயே விட்டுவிடுவது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழிபாட்டில் உள்ள பொருட்களைப் பற்றிப் பாடத்திட்டங்கள் குறைவாகவே பேசும். கோயில் திருமேனி நூதனசாலைப் பொருள் அன்று. அதற்கு நாள்தோறும் அபிடேகம் உண்டு. பால், இளநீர், தேன், பஞ்சாமிர்தம் எல்லாம் செம்பின் மேல் வேலை செய்பவைதான். அபிடேகத்தை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை, தேவையும் இல்லை. புளியும் பிராசோ என்ற உலோக மெருகும் போட்டுத் தேய்ப்பதைக் குறைக்கலாம். அபிடேகம் முடிந்ததும் நன்னீரால் கழுவி மெல்லிய துணியால் மடிப்புகளுக்குள்ளும் ஈரம் ஒற்றி எடுக்கலாம். குருக்களோடும் பரிபாலன சபையோடும் உட்கார்ந்து பேசி இதைச் செய்யத் தெரிந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, எந்த வெளிநாட்டு நிபுணரையும்விட நம் திருமேனிகளுக்கு அதிகம் உதவுவாள்.

வேலையைப் பற்றி அம்மாவும் அப்பாவும் கேட்பார்கள். பதவிகள் குறைவு. தொல்லியல் திணைக்களம், தேசிய நூதனசாலைகள், 1980 இல் அமைந்த மத்திய கலாசார நிதியம், பல்கலைக்கழகங்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே உள்ளன. வெற்றிடம் எப்போது வரும் என்பதை நம்பித் திட்டமிட முடியாது. இரசாயனப் பட்டம் கையில் இருந்தால் ஆசிரியராகவோ தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்திலோ காத்திருக்க முடியும். மேலே சொன்ன என் பரிந்துரைக்கு இதுவும் காரணம்.

பல்கலைக்கழக அனுமதி வரும்வரை மாதங்கள் பல இருக்கும். அதற்குள் மூன்று வேலைகளைச் சொல்கிறேன். வீட்டில் உள்ள ஏதாவது பழைய பொருளை, குத்துவிளக்கோ பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ, எடுத்து அதன் நிலையைப் பதிவு செய்யுங்கள்: அளவு, எடை, கீறல், நிறமாற்றம், வெடிப்பு, ஒவ்வொன்றுக்கும் பென்சில் வரைபடம். தேர்வுக்குழுக்கள் சான்றிதழை விட இத்தகைய கோவையைக் கவனமாகப் பார்க்கின்றன. நம் ஊரில் ஒல்லாந்த கடற்படை ஆணையாளரின் மாளிகையில் உள்ள கடல்சார் நூதனசாலைக்குப் போய், பொருட்களைப் பார்க்காமல் பெட்டிகளையும் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் பார்த்துக் குறிப்பெடுங்கள். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் சரளமாக்குங்கள்; நாட்டின் பேணல் ஆய்வுகூடங்களில் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் சிங்களம், படிக்க வேண்டிய கட்டுரைகள் ஆங்கிலம். பெறுபேறு வந்தபின் எந்தப் பாடத்தில் எவ்வளவு கிடைத்தது என்று எழுதுங்கள். விண்ணப்பப் படிவத்தில் பீடங்களை எந்த வரிசையில் போடுவது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.